பெயர் எழுதும் கை

நாம் ஒரு தோட்டக் கிராணி. பத்து காஜாவிற்கு அருகே, பெரும்பகுதி செம்பனையும் ஒரு மூலையில் பழைய ரப்பரும் நிற்கும் ஒரு தோட்டத்தின் ஆபீசிலே உட்கார்ந்து, நாள்தோறும் பெயர் எழுதுவதே நமது உத்தியோகம். காலைப் பெரட்டுக்கு வந்தவர் பெயர், வராதவர் பெயர், குலை வெட்டியவர் பெயர், உரம் போட்டவர் பெயர், முன்பணம் வாங்கியவர் பெயர் என்று மாதம் முழுவதும் பெயர்களாகவே கழியும். செக்ரோல் புத்தகத்தில் பேனாவால் எழுதிய காலம் போய்க் கணினியில் தட்டும் காலம் வந்துவிட்டதெனினும் வேலையின் தன்மை மாறிவிடவில்லை. எழுதப்பட்ட பெயருக்குச் சம்பளம் உண்டு. எழுதப்படாத பெயருக்கு இல்லை. இவ்வளவு எளிய உண்மையை அன்றாடம் கையாண்டு வந்தும், அதன் முழுப் பொருளை நாம் உணர்ந்தது அண்மையில்தான். அதற்கு ஒரு தண்ணீர்ப் பம்பும், ஒரு விருதும், நாம் செய்த ஒரு பிழையும் காரணமாயின. அப்பிழையை ஒளிக்காமல் எழுதிவிட வேண்டுமென்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பம்பின் கதையைச் சொல்வோம். நமது தோட்டத்து நாற்றுமேடைக்குத் தண்ணீர் ஒரு பழைய ஈயக் குட்டையிலிருந்து வருகிறது. கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயக் குட்டைக்குக் குறைவில்லை என்பது வாசகர்கள் அறிந்ததே. ஈயம் எடுத்தவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எடுத்த பள்ளம் மட்டும் தண்ணீரோடு நிற்கிறது. மழைக்காலத்தில் அதன் மட்டம் கரையைத் தொடும்; வெயில் நீடித்தால் ஆளுயரத்திற்குக் கீழே இறங்கிவிடும். பம்பின் உறிஞ்சுகுழாய் அடியிலே கிடந்தால் சேறும் மணலும் ஏறும். மேலே தூக்கிக் கட்டினாலோ பாசியும் இலையும் வந்து அடைக்கும். மட்டம் இறங்கியதும் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுக்கும். வாரத்தில் இரண்டு நாளாவது பம்பு நின்றுவிடும். பம்பு நின்ற நாளில் நாற்றுமேடைப் பெண்கள் வாளி சுமந்து வெயிலில் நடப்பார்கள். அந்த நடைக்கென்று செக்ரோலில் தனிக் கூலி கிடையாது.

இதைத் தீர்த்தவர் நமது பட்டறையில் வேலை செய்யும் பிட்டர் ஒருவர். வயது ஐம்பத்தெட்டு. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். தோட்டத்தின் நேர் ஊழியர் அல்லர். குத்தகைக்காரர் ஒருவரின் கீழ் ஆண்டுக்காண்டு கையெழுத்துப் போட்டு வருபவர். அவர் காலியான எண்ணெய்த் தோங்கு இரண்டைச் சேர்த்துக் கட்டிக் குட்டையிலே மிதக்கவிட்டார். தோங்குகளின் நடுவே, நீர்மட்டத்திற்கு இரண்டு முழம் கீழே நிற்கும்படி, குழாயின் வாயைச் சங்கிலியால் தொங்கவிட்டார். பக்கமெல்லாம் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் பீப்பாயால் அவ்வாயை மூடி, அதன்மேல் வலை சுற்றினார். கரைக்கும் தோங்குக்கும் இடையே வளையக்கூடிய குழாயை மாட்டினார். மட்டம் ஏறினால் தோங்கு ஏறும், இறங்கினால் இறங்கும், குழாயின் வாயோ எப்பொழுதும் பாசிக்குக் கீழேயும் சேற்றுக்கு மேலேயும் நிற்கும். ஐந்நூறு வெள்ளி செலவாகவில்லை. அதன்பின் பல மாதங்கள் பம்பு ஒரு நாளும் அடைக்கவில்லை.

மிதந்து உறிஞ்சும் குழாய் உலகத்திற்குப் புதிதன்று என்று பொறியியல் கற்றவர்கள் சொல்லக்கூடும். சொல்வது உண்மையே. ஆனால் நமது பிட்டர் அதை எந்தப் புத்தகத்திலும் கண்டவரல்லர். எப்படித் தோன்றியதென்று கேட்டபோது அவர் சொன்ன பதில் இது: "நம்ம அப்பா ஈயக் கப்பல்ல கிரீஸ் போடுற வேலை பார்த்தாரு தம்பி. சின்ன வயசில ஒரு தடவை கூட்டிக்கிட்டுப் போனாரு. அம்மாம் பெரிய இரும்பு, தண்ணி எவ்வளவு இருக்கோ அதுக்குத் தக்கன ஏறி இறங்கிக்கிட்டு நிக்குது. அது நிக்குறப்போ நம்ம குழாய் நிக்காதா?"

அவர் கண்ட கப்பலின் இனத்தில் எஞ்சிய ஒன்றை இன்றும் யாரும் பார்க்கலாம். பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் செல்லும் சாலையோரம் நிற்கிறது. 1938-ஆம் ஆண்டில் கட்டப்பட்டு 1982 வரை ஈயம் வாரிய அந்த ஐந்தாம் எண் கப்பல் ஏறத்தாழ 4,500 டன் எடையுள்ளது. தன் வாளிகளால் முன்புறத்து மண்ணை வெட்டி உள்ளே இழுத்து, அலசி, ஈயத்தைப் பிரித்துக்கொண்டு, கழிவைப் பின்னால் தள்ளும். இப்படியே தனக்கு வேண்டிய குளத்தைத் தானே வெட்டிக்கொண்டு அக்குளத்திலேயே நகரும். அதைப் பார்த்த எத்தனையோ பேரில், பார்த்ததை நாற்பதாண்டு மனத்தில் வைத்திருந்து ஒரு பம்பிற்குப் பயன்படுத்தியவர் ஒருவர். பொறியியல் என்பது இதுவன்றி வேறென்ன?

நிற்க. நமது தோட்டத்தை நடத்தும் நிறுவனம் ஆண்டுதோறும் தன் தோட்டங்களிடையே ஒரு விருது வழங்குகிறது. செலவைக் குறைக்கும் புதிய ஏற்பாட்டைக் கண்டவருக்குக் கண்ணாடிப் பலகையும், மூவாயிரம் வெள்ளியும், ஈப்போவில் ஒரு விருந்தும் உண்டு. விண்ணப்பத் தாள் ஆங்கிலத்தில் வந்தது. ஆங்கிலவழிப் பள்ளியில் படித்தவன் என்ற காரணத்தால் அது நம்மிடம் தள்ளப்பட்டது. எம் தந்தையார் லாரி ஓட்டிய காசைக் கொட்டி ஈப்போவில் ஒரு தனியார் பள்ளியில் நம்மைப் படிக்கவைத்தது, பிள்ளைக்கு நாலு வார்த்தை ஆங்கிலம் தெரிந்தால் நாலு பேருக்கு உதவும் என்றுதான். அந்த ஆங்கிலம் அன்று எதற்கு உதவிற்றென்று கேளுங்கள்.

தாளில் பெயர், பதவி, ஊழியர் எண், கல்வித் தகுதி என்று நான்கு கட்டங்கள். பிட்டருக்கு ஊழியர் எண் கிடையாது. மேலதிகாரி ஒருவரிடம் கேட்டோம். "எண் இல்லாமல் தாள் போகாதே! பட்டறை என் பொறுப்பில்தானே இருக்கிறது, என் பெயரைப் போட்டுவிடு" என்றார். போட்டோம். அதோடு விட்டோமா? இல்லை. அவர் தலைமையில் என்றும், அவருடைய வழிகாட்டுதலின் பேரில் என்றும், பட்டறைத் தொழிலாளி ஒருவரின் உதவியோடு என்றும் அழகழகான ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதினோம். யாரும் நமது கழுத்தைப் பிடிக்கவில்லை. மறுத்திருந்தால் வேலை போயிருக்காது. மிஞ்சிப்போனால் ஒரு முகச்சுளிப்பு. அந்த முகச்சுளிப்புக்கு அஞ்சி, ஒரு மனிதனின் மூளையை இன்னொருவன் பெயரில் மாற்றிப் பதிவு செய்தோம். செக்ரோலில் ஒரு நாள் வேலையை இப்படி மாற்றி எழுதியிருந்தால் அதற்குத் திருட்டு என்றே பெயர்.

விருது கிடைத்தது. ஈப்போ விருந்தில் நாமும் உட்கார்ந்து கோழிக்கறி தின்றோம், கைதட்டினோம். மறுநாள் பிட்டருக்கு நூறு வெள்ளியும் ஒரு பிஸ்கட்டு டின்னும் வந்தன. அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கதை அத்தோடு முடிந்ததென்றே எண்ணியிருந்தோம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை அவர் ஆபீசு வாசலில் வந்து நின்றார். "தம்பி, மகளுக்கு ஈப்போவில தொழிற்கல்லூரிக்கு நேர்முகம் வந்திருக்கு. இயந்திரப் படிப்பு. அந்தப் பம்பு வேலை நம்ம செஞ்சதுன்னு ஆபீஸ் தாள்ல ரெண்டு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா, புள்ள கையில வச்சிக்கும். காசு வேணாம், பலகை வேணாம். ரெண்டு வரி போதும்" என்றார்.

வாசகர்களே, அந்த இரண்டு வரியை நம்மால் எழுத முடியவில்லை. ஏனெனில் ஆபீசுத் தாளில் அதற்கு முன்னரே இரண்டு பக்கம் எழுதியாகிவிட்டது. ஒரே ஆபீசு, ஒரே பம்பிற்கு இரண்டு தகப்பன்களைக் காட்ட முடியாதல்லவா? "பார்க்கலாம் அண்ணே" என்றோம். 'பார்க்கலாம்' என்பது கிராணிமார் அகராதியில் 'முடியாது' என்பதற்கு மரியாதைச் சொல். அவருக்கும் அது தெரியும். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

குற்றமுள்ள நெஞ்சு ஏதாவது ஒரு பிராயச்சித்தம் தேடும். தாள் தரமுடியாவிட்டாலும் பெண்ணை நேர்முகத்திற்குத் தயார் செய்வோமென்று எண்ணி, தகப்பனையும் மகளையும் வீட்டுக்கு வரச் சொன்னோம். பொறியியலில் பெயர் பெற்ற தமிழர் ஒருவரைச் சொல்லிக்கொடுத்தால் பெண்ணுக்குத் துணிவு வருமென்று தோன்றிற்று. நாம் பள்ளியில் படித்த காலத்தில் வாட், ஸ்டீபன்சன், மார்க்கோனி என்ற பெயர்களை உருப்போட்டோமேயன்றி, நம்மவர் பெயர் ஒன்றும் அறிந்தோமில்லை. ஆகவே முந்தின இரவு உட்கார்ந்து தேடிப் படித்தோம். படித்ததை வாசகர்களுக்கும் சொல்வது தகும்.

உலகத்தில் விருதென்றால் எவர் வாயிலும் முதலில் வருவது நோபெல் பரிசு. வெடிமருந்தைக் கண்டு பொருளீட்டியவர் ஆல்பிரட் நோபெல். ஆயினும் அவர் தமது உயிலில் இயற்பியல், வேதியியல், மருத்துவம், இலக்கியம், சமாதானம் என்ற ஐந்தைக் குறித்தாரேயன்றிப் பொறியியலைத் தனியாகக் குறிக்கவில்லை. எப்போதாவது பக்கவாசல் வழியே பொறியாளர் நுழைந்ததுண்டு. ஸ்வீடன் தேசத்துக் குஸ்தாவ் டாலன் என்பவர், கலங்கரை விளக்குகள் பகலில் தாமே அணைந்து இருளில் தாமே எரியும்படி ஒரு வால்வைச் செய்தார். அதற்காக 1912-இல் இயற்பியல் பரிசு பெற்றார். ஒரு வால்வுக்கு நோபெல் பரிசு! அதைப் படித்தபோது நமது குட்டையில் மிதக்கும் தோங்கு நினைவுக்கு வந்து நம்மை உறுத்திற்று.

அக்குறையைப் போக்கப் பின்னாளில் பொறியியலுக்கென்றே பெரும் விருதுகள் எழுந்தன. அமெரிக்கப் பொறியியற் கழகம் வழங்கும் டிரேப்பர் பரிசு முதன்முதலில் 1989-இல், ஒரே சில்லில் பல மின்னணு உறுப்புகளை அடக்கும் வழியைக் கண்ட ஜாக் கில்பிக்கும் ராபர்ட் நாய்ஸுக்கும் அளிக்கப்பட்டது. இங்கிலாந்தின் இராணி எலிசபெத் பொறியியற் பரிசு 2013-இல் தொடங்கி, இணையத்தையும் வலைத்தளத்தையும் உருவாக்கிய ஐவருக்குப் பங்கிடப்பட்டது. வானொலி கண்ட மார்க்கோனியின் பெயரால் அவருடைய மகளார் 1974-இல் ஏற்படுத்திய மார்க்கோனி பரிசும் உண்டு. செய்திகளை அனுப்பும் கலையில் அருஞ்செயல் புரிந்தவர்க்கு உரியது அது. அதை 2014-ஆம் ஆண்டில் பெற்றவர், கோயம்புத்தூரை அடுத்த பொள்ளாச்சியில் 1944-இல் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ்.

இவருடைய வரலாறு நமது பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் கதையாகவே சொல்லத்தக்கது. பதினைந்து வயதில் இந்தியத் தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் சேர்ந்து கடற்படைப் பொறியாளரானார். 1971 டிசம்பர் 9-ஆம் நாள் இரவு, டியூ கடற்கரைக்கு அப்பால், 'குக்ரி' என்ற இந்தியப் போர்க்கப்பலைப் பாகிஸ்தானின் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கடித்தது. இருநூறுக்குச் சற்றுக் குறைந்த பேர் மாண்டனர். நீரில் ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டு, மறைந்திருக்கும் எதிரியைக் கண்டறிவது சோனார் என்னும் கருவி. கப்பல்களில் இருந்த பழைய சோனார்கள் போதிய திறமுடையனவாயில்லை என்பது அப்போரில் வெளிப்பட்டது. டெல்லி ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி செய்து திரும்பிய பால்ராஜிடம் அவற்றைச் சீர்படுத்தும் பொறுப்பு வந்தது. அதன்பின் அவர் தலைமையில், இந்தியாவிலேயே ஆக்கப்பட்ட புதிய சோனார் ஒன்று எண்பதுகளில் கப்பலேறியது.

1991-இல், நாற்பத்தேழாம் வயதில், கடற்படையை விட்டு விலகி அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். நம்மவரில் பலர் அந்த வயதில் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அவரோ அடுத்த ஆண்டே புதிய கருத்தொன்றை முன்வைத்தார். மார்க்கோனி காலந்தொட்டு, அனுப்பும் இடத்தில் ஒரு கம்பி, வாங்கும் இடத்தில் ஒரு கம்பி என்பதே வானொலியின் பொது வழக்கம். ஒரே அலைவரிசையில் இருவர் பேசினால் குழப்பமே மிஞ்சும் என்பது பொதுக் கருத்து. பால்ராஜ் சொன்னது யாதெனில், அனுப்பும் இடத்திலும் வாங்கும் இடத்திலும் பல கம்பிகளை வைத்து, ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், வெவ்வேறு செய்திகளை அனுப்பலாம். வாங்கும் இடத்தில் கணக்கின் துணையால் அவற்றைப் பிரித்துக்கொள்ளலாம் என்பதே.

பெண்ணுக்கு இதை விளக்கப் பெரட்டுக் களத்தையே உவமையாகக் கொண்டோம். இரண்டு கங்காணிமார் ஒரே நேரத்தில் இரண்டு பெயர்ப்பட்டியலை உரக்கப் படித்தால், ஒற்றைக் காதால் கேட்பவனுக்கு இரைச்சல்தான். ஆனால் களத்தின் பல மூலைகளில் பல காதுகள் இருந்து, ஒவ்வொரு காதிலும் எந்தக் குரல் எவ்வளவு உரக்க, எவ்வளவு தாமதித்து விழுந்தது என்பதை ஒப்பிட்டுக் கணக்குப் போட்டால், இரண்டு பட்டியலையும் தனித்தனியே எழுதிவிடலாம். சுவரிலும் மரத்திலும் பட்டுத் திரும்பும் எதிரொலியை முன்னோர் தொல்லை என்றார்கள். அந்த எதிரொலிகளே ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு காதுக்கும் வரும் வழியை வேறுபடுத்திக் காட்டுகின்றன; ஆகையால் தொல்லையே துணையாயிற்று. இம்முறையைத் தொடக்கத்தில் ஐயுற்றவர் பலர். இன்று வீட்டிலுள்ள வைபை பெட்டியிலும், நான்காம் ஐந்தாம் தலைமுறைக் கைத்தொலைபேசிகளிலும் இயங்குவது இதுவே. செம்பனை நிரைகளுக்கு நடுவே நின்று மகளுக்குப் படம் அனுப்பும் தொழிலாளியின் சட்டைப் பையிலும் இதுதான் இருக்கிறது.

அக்கருத்துக்கான அமெரிக்கக் காப்புரிமை 1994-இல் கிடைத்தது. அப்பத்திரத்தில் பால்ராஜின் பெயரும், அவருக்கு ஸ்டான்போர்டில் இடமளித்த பேராசிரியர் தாமஸ் கைலாத்தின் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. இந்திய அரசாங்கத்தின் பத்மபூஷண் 2010-இலும், தொலைபேசி கண்ட கிரகாம் பெல்லின் பெயரால் ஐ.இ.இ.இ. சங்கம் வழங்கும் பதக்கம் 2011-இலும், மார்க்கோனி பரிசு 2014-இலும் பால்ராஜை வந்தடைந்தன.

இவ்வளவும் சொல்லி முடித்து, பெண்ணின் முகத்தைப் பார்த்தோம். அவள் சற்றுநேரம் யோசித்தாள். பிறகு, "சித்தப்பா, அவருடைய பெயரை அந்த விருதுக்கு யார் எழுதி அனுப்பினார்கள்?" என்று கேட்டாள்.

தகப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் வேண்டுமென்று கேட்டாளா, விவரம் அறியாமல் கேட்டாளா என்பது நமக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அக்கேள்வி நமது நெஞ்சில் ஆணியாக இறங்கியது. விருது வானத்திலிருந்து விழுவதில்லை. எங்கோ ஒருவர் உட்கார்ந்து, ஒரு தாளை எடுத்து, இதைச் செய்தவர் இவர் என்று எழுதி அனுப்பவேண்டும். எழுதுகிறவன் நேர்மையாக எழுதினால்தான் செய்தவனுக்கு அது போய்ச் சேரும். பால்ராஜின் வாழ்க்கையில் அறிவும் உழைப்பும் இருந்தன. அத்தோடு, அவர் செய்ததை அவர் பெயரில் எழுதும் கைகளும் இருந்தன. நமது பிட்டருக்கு வாய்த்த கை நமது கை.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நமது ஊரிலுள்ள கெல்லி மாளிகையின் பக்கம் போய் நின்றோம். பிறந்தது முதல் பார்த்த கட்டடம். அன்றுதான் வேறு கண்ணோடு பார்த்தோம். ஸ்காட்லாந்திலிருந்து 1890-இல் மலாயா வந்த சிவில் பொறியாளர் வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் அந்த மாளிகையைத் தொடங்கினார். கட்டுவதற்குச் சென்னை மாகாணத்திலிருந்து நம்மவர்களை வரவழைத்தார். உலகத்தையே அலைக்கழித்த ஸ்பானியக் காய்ச்சல் அவர்களிடையேயும் புகுந்து பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. தொழிலாளர் கேட்டுக்கொண்டபடி அருகே ஒரு மாரியம்மன் கோயிலையும் ஸ்மித் கட்டிக்கொடுத்தார் என்பர். 1926-இல் அவர் லிஸ்பன் நகரில் காலமானார். மாளிகை முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. அக்கோயிலின் மேற்புறத்தில், தெய்வ உருவங்களோடு, வெள்ளைக்காரத் தொப்பியணிந்த உருவமொன்றும் நிற்கிறது. அது ஸ்மித்தையே குறிக்கிறதென்பது ஊரார் சொல். அவரை நாம் பழிக்கவில்லை. நம்மவர்களே நன்றியோடு அவ்வுருவத்தை மேலே ஏற்றியிருக்கக்கூடும். நமது கேள்வி வேறு. வளைவு வளைவாகச் செங்கல் அடுக்கிய கொத்தர் எவர்? மூன்று தலைமுறையாக நாம் அந்த வளைவுகளின் கீழ் நின்று படம் பிடித்துக்கொள்கிறோமே, ஒரு கொத்தனின் பெயரையாவது நம்மில் எவரேனும் கேட்டு எழுதிவைத்தோமா?

இதற்கு வெள்ளைக்காரனைக் குற்றம் சொல்லித் தப்பிக்க இயலாது. நோய் நம்மிடத்திலேயே இருக்கிறது. பேனா பிடித்தவன் மேல், சுத்தியல் பிடித்தவன் கீழ் என்ற எண்ணம் நமக்குக் கப்பலேறி வந்த சொத்து. எழுதத் தெரிந்தவன் இயந்திரத்தைத் தொடமாட்டான். தொட்டால் கை அழுக்காகும். இயந்திரத்தைத் தொடுகிறவனுக்கு எழுத்து எதற்கென்று பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவோம். இப்படி எழுத்தையும் கைத்தொழிலையும் இரண்டு வீடாகப் பிரித்துவைத்துவிட்டு, நம்மவரில் விஞ்ஞானி இல்லையே, பொறியாளர் இல்லையே என்று மேடைதோறும் புலம்புவதில் என்ன நியாயம்? ஆயுத பூஜை நாளில் பம்பிற்குச் சந்தனம் வைக்கிறோம். டிராக்டருக்கு மாலை போடுகிறோம். பட்டறைச் சுத்தியலுக்குக் குங்குமம் இடுகிறோம். சுத்தியலைப் பிடித்த கைக்கு ஒரு வணக்கம் சொல்ல நமக்குத் தோன்றுவதில்லை. இரும்புக்குச் செய்யும் மரியாதையில் பாதியை மனிதனுக்குச் செய்தால் போதாதா?

பிள்ளைகளைப் பொறியியல் படிக்கவைப்பதில் இன்று நம்மவர் ஊக்கம் காட்டுகிறார்கள், அது மகிழத்தக்கதே. ஆனால் பட்டம் பெற்று வருகிற பிள்ளை, பட்டறையில் இருபது ஆண்டு நின்ற பெரியவரிடம் உட்கார்ந்து கேட்கும் வழக்கத்தையும் சேர்த்துக் கற்கவேண்டும். கடலில் கப்பலோடு இருந்தவரே சோனாரைத் திருத்தினார் என்பதை மறக்கவேண்டாம். அறிவு புத்தகத்திலும் இருக்கும். கிரீஸ் படிந்த கையிலும் இருக்கும். இரண்டும் சேருமிடத்தில்தான் புதியது பிறக்கும்.

முடிவைச் சொல்லிவிடுகிறோம். தலைமை ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதினோம். விண்ணப்பத்தை எழுதியவர் நாமே என்றும், அதில் கண்ட ஏற்பாட்டைத் தம் மூளையாலும் கையாலும் செய்தவர் இன்னார் என்றும் ஆறு வரியில் எழுதி, கையெழுத்திட்டு அனுப்பினோம். அலங்கார வார்த்தை ஒன்றும் சேர்க்கவில்லை. விண்ணப்பத்தில் சேர்த்ததே ஆயுளுக்கும் போதும். இதுவரை பதில் வரவில்லை. மேலதிகாரி நம்மோடு தேநீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார். அதைத் தவிர வேறொரு தீங்கும் வரவில்லை. அஞ்சிய முகச்சுளிப்பு இவ்வளவுதான் என்று முன்பே தெரிந்திருந்தால் என்ன என்று சில வேளை தோன்றுகிறது. ஆனால் முன்பே தெரியாது என்பதும் பொய், தெரிந்தேதான் அஞ்சினோம்.

ஆபீசுத் தாளில் எழுத அதிகாரமில்லாததால், வெள்ளைத் தாளில், நமது சொந்தப் பெயரில், கண்ணால் கண்ட சாட்சியாக அந்த இரண்டு வரியை எழுதிப் பிட்டரிடம் கொடுத்தோம். அவர் படிக்கச் சொல்லிக் கேட்டார். ஆங்கிலத்தில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையும் படித்தோம். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "போதும் தம்பி" என்றார். நேர்முகத்தில் அத்தாளை யாரும் கேட்கவில்லையாம். பெண்ணுக்கு இடம் கிடைத்தது. அது அவளுடைய மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது. நாம் கொடுத்த தாளுக்கு அதில் பங்கில்லை. எனினும் அதை அவள் தன் புத்தகப் பையில் வைத்திருக்கிறாள் என்று அவளுடைய தாயார் சொன்னார்.

தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பேனா பிடித்திருக்கும் சகோதரர்களுக்கும் சகோதரிகளுக்கும் நமது வேண்டுகோள் ஒன்றே. நம்மிடம் பெரிய விருதுகள் இல்லை, வழங்கப் பணமுமில்லை. ஆனால் பதிவேடு இருக்கிறது, அறிக்கை இருக்கிறது, கோயில் மலர் இருக்கிறது, பள்ளி ஆண்டிதழ் இருக்கிறது, சங்கக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு இருக்கிறது. குழாய் போட்டவர், மின்கம்பி இழுத்தவர், பாலம் தாங்கும்படி கட்டை முட்டுக் கொடுத்தவர், நின்ற இயந்திரத்தை ஓடவைத்தவர் எவரோ, அவர் பெயரைக் கேட்டு, எழுத்துப் பிழையில்லாமல், அவர் செய்ததோடு சேர்த்து எழுதிவையுங்கள். மார்க்கோனி பரிசும் ஏதோ ஒரு தாளில் யாரோ ஒருவர் எழுதிய பெயரில்தான் தொடங்கியது.

நமது பிட்டரின் பெயரை இக்கட்டுரையின் முதல் வரியிலேயே அச்சிட வேண்டுமென்பது நமது ஆவல். கேட்டபோது அவர் கையெடுத்து மறுத்துவிட்டார். அவருடைய ஒப்பந்தம் இந்த டிசம்பரில் புதுப்பிக்கப்படவேண்டும். பெண்ணுக்கு இன்னும் மூன்று ஆண்டுப் படிப்பு இருக்கிறது. ஆகையால், பெயர் எழுதுவதையே உத்தியோகமாகக் கொண்ட நாம், பெயரைப் பற்றி இத்தனை பக்கம் எழுதியும், எழுதவேண்டிய அந்த ஒரு பெயரை எழுதாமலே பேனாவைக் கீழே வைக்கிறோம்.